வாத்தியாரின் துண்டு

ஏரி கட்டித்தருகிற சடையப்பர், தம் சீடன் மாசிலாமணியைக் கூட்டிப்போக வந்த அன்றைக்குத்தானா வானம் பொத்துக்கொண்டு ஊற்ற வேண்டும்?

மாசிலாமணி அந்த மலையடி ஊருக்கு வந்து எட்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வருஷம் தவறாமல் உடைந்துகொண்டிருந்த ஏரிக்கரையை ஊராரை வைத்தே உயர்த்தினான். மண் பார்க்க, கரை அடைக்க, ஏரி நிறைந்தால் கலிங்குப் பலகையைப் பிடுங்கி மிச்ச நீரை வெளியே விட, எல்லாம் கற்றுக்கொடுத்தான். இப்போது வேறோர் ஊர் அவனுக்காகக் காத்திருந்தது.

"நான் போய்விட்டால் இவர்கள் கதி என்ன ஐயா?" என்றான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை அவனுக்கு.

"ஏரியைக் காட்டு" என்றார் சடையப்பர்.

இருவரும் மேட்டில் ஏறி நின்றார்கள். ஆடுமாடும் குழந்தை குட்டிகளும் காலையிலேயே மலைக்கு ஏறியாயிற்று. கீழே கதிர் வாங்கிய நெல் நின்றது. கரை போனால் நெல்லும் போச்சு. அதற்காக அவசரப்பட்டுப் பலகையைப் பிடுங்கினாலோ, கோடைக்குக் குடிக்கக்கூடத் தண்ணீர் மிஞ்சாது.

கலிங்கின் மேல் பொன்னுருவி கடப்பாரையோடு நின்றாள். முதல் நாளிலிருந்து மாசிலாமணியிடம் வேலை கற்றவள். பின்னால் ஊர் ஆட்கள். ஆனால் ஒருத்தர் கண்ணும் தண்ணீரில் இல்லை. எல்லாரும் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதைப் பார்க்கிறார்கள்?"

"என் தோளில் கிடக்கிற துண்டை. மழைச் சத்தத்தில் குரல் எட்டாது. நான் துண்டை வீசினால் பலகையைப் பிடுங்குவார்கள்."

"எட்டு வருஷமாகவா?"

"ஆமாம் ஐயா." சொல்லும்போதே மாசிலாமணிக்கு வெட்கமாகிவிட்டது.

"தலை நனைகிறது. அதை இப்படிக் கொடு."

துண்டை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டு, கீழே இருப்பவர்களுக்குத் தெரியாதபடி ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார் சடையப்பர். "நீயும் உட்கார்."

தண்ணீர் ஏறிக்கொண்டே போனது.

"ஐயா, நேரமாகிறது!"

"ம்."

"கரை போய்விடும் ஐயா! துண்டைக் கொடுங்கள்!"

"உட்கார் என்றேன்."

மாசிலாமணி பாறை இடுக்கு வழியே எட்டிப் பார்த்தான். பொன்னுருவி மேட்டைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். யாரும் இல்லை. பக்கத்து ஆட்கள் ஏதோ கத்தினார்கள். அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். குனிந்து கரை மண்ணை அழுத்திப் பார்த்தாள். இன்னும் யோசித்தாள். அடிப் பாவி மகளே, பிடுங்கேன்! மாசிலாமணி பாறையில் ஓங்கிக் குத்தினான்.

ஒருவழியாகக் கடப்பாரையைப் போட்டு நெம்பினாள். வெள்ளம் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. ஆனால் கொஞ்சம் பிந்திவிட்டது. ஓரத்தில் ஒரு வண்டி அகலத்துக்குக் கரை சரிந்தது.

"ஐயோ, போச்சு!" மாசிலாமணி எழுந்து ஓடினான். சடையப்பரும் பின்னாலேயே இறங்கினார்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் ஏரி மட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. சரிவை அடைக்க ஆட்கள் மண் மூட்டைகளை இழுத்து வந்தார்கள். "பெரிய மூட்டை அடியில வைங்கடா! எவன்டா அங்க வேடிக்கை பாக்கிறது?" என்று பொன்னுருவி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணி மூச்சிரைக்க அருகில் போனான். "பொன்னுருவி, முதலில் நீ என்ன செய்திருக்க வேண்டும் என்றால்..."

"பேச்செல்லாம் அப்புறம் வாத்தியாரே! அந்த மூட்டையத் தூக்கிட்டு வாங்க, சீக்கிரம்!"

அவன் திகைத்துப்போய்க் குருவைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஏற்கெனவே ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றியிருந்தார்.

"என்னை ஏன் பார்க்கிறாய்?" என்றார். "அம்மா சொன்னது காதில் விழவில்லையா?"