கயிற்றின் மறுமுனை

“அவங்க ரெண்டு பேரும் என்கிட்ட என்னமோ மறைக்கிறாங்க, ஆசான்” என்றார் பூதலிங்கம்.

ஐந்து நாள் மலைநடையில் அது முதல் நாள். கிளம்பி ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

இசக்கி ஒரு கல்லில் உட்கார்ந்து, கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டைமேல் உப்பைத் தூவினாள்.

“யாரு?”

“என் கூட்டாளிகதான்.”

“எத்தனை வருஷப் பழக்கம்?”

“இருபத்தெட்டு.”

அட்டை சுருண்டு விழுந்தது. அவள் அடுத்ததைத் தேடினாள்.

பூதலிங்கம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். தூங்குகிறவன் யார், தூங்குவதுபோல் கிடக்கிறவன் யார் என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவார். வேலையில் பிடித்த அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பால் பாக்கெட்டைக்கூட இரண்டு தடவை திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டார்.

ஞானதுரையும் மைதீனும் கல்லூரி விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள். முதுகில் பையை மாட்டி அவரை மலைக்குக் கிளப்பியது அவர்கள்தான்.

இசக்கி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஆட்களை மலைமேல் நடத்திக் கூட்டிப்போவது அவள் வேலை. அவளோடு ஏறியவர்கள் இறங்கும்போது வேறு ஆளாக இறங்குகிறார்கள் என்று ஒரு பேச்சு. எல்லோரும் அவளை ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள்.

பூதலிங்கம் அந்தப் பேச்சை நம்பவில்லை. நம்பாததால்தான் வந்திருந்தார்.

காலையில் அவளிடம் கேட்டும்விட்டார்: “நீங்க என்ன சொல்லிக்கொடுப்பீங்க?”

“வழி” என்றாள்.

இப்போது எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“நீங்க கடைசியா வாங்க, அண்ணாச்சி.”

கடைசியில் நடந்தால் எல்லோருடைய முதுகும் தெரியும். பூதலிங்கத்துக்கு அது பிடித்திருந்தது.

முன்னால் போன இருவரும் தலையோடு தலை சேர்த்து என்னவோ பேசினார்கள். மைதீன் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு ஞானதுரை பார்த்தார். இருவரும் சிரித்தார்கள்.

ஒரு திருப்பத்தில் இசக்கி காத்து நின்றாள்.

“என்ன பார்த்தீங்க?”

“நாலு தடவை திரும்பிப் பார்த்துட்டானுக. மூணு தடவை சிரிப்பு வேற.”

“பாதையோரமா ஒரு மிளா மான் நின்னுச்சே. கொம்பெல்லாம் பாசியா.”

“எங்க?”

அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

மதியம் பாறை நிழலில் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். பூதலிங்கத்துக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

“காலையிலருந்து என்னலே குசுகுசுன்னு? என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைதீன்தான் வாயைத் திறந்தார்.

“பந்தயம்டே. நீ எப்போ ‘நான் திரும்பிப் போறேன்’னு சொல்லுவேன்னு. இவன் மதியத்துக்குள்ளங்கான். நான் சாயங்காலம்னேன். தோத்தவன் பிரியாணி வாங்கித் தரணும்.”

பூதலிங்கத்தின் முகம் சிவந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. இசக்கி பக்கம் திரும்பினார்.

“பார்த்தீங்களா ஆசான்? நான் சொன்னேன்ல?”

“சொன்னீங்க” என்றாள் அவள். “நீங்க பந்தயம் கட்டியிருந்தா எதுக்குக் கட்டியிருப்பீங்க?”

அடிவாரத்திலிருந்து கடைசி பஸ் நாலேகாலுக்கு. காலையில் இறங்கியதும் நடத்துனரிடம் அவர் முதலில் கேட்டதே அதைத்தான்.

பூதலிங்கம் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

மூன்று மணிவாக்கில் பாதை ஒரு பாறை விளிம்பில் போய் முடிந்தது. கீழே மூன்று ஆள் உயரம். அதற்கும் கீழே ஓடைக்கரை, இரவு தங்குமிடம். சுற்றிப் போகும் வழியைப் போன மழை அறுத்துக்கொண்டு போயிருந்தது.

இசக்கி பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். பூதலிங்கம் அதை வாங்கி முழம் முழமாகத் தடவிப் பார்த்தார். நுனிக்குப் பக்கத்தில் கை நின்றது.

“இங்க நூல் பிரிஞ்சிருக்கு.”

அவள் குனிந்து பார்த்தாள். கத்தியை எடுத்து அந்தத் துண்டை அறுத்துப் போட்டாள்.

“இப்போ?”

அவர் மிச்சத்தையும் தடவிப் பார்த்தார். குறை எதுவும் இல்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“கயிறு இருக்கட்டும். உங்களை நான் எப்படி நம்புறது, ஆசான்?”

இசக்கி ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினாள். கயிற்றை அங்கிருந்த மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைக் கொண்டுவந்து பூதலிங்கத்தின் கையில் கொடுத்தாள்.

“நான் முதல்ல இறங்கிக் கால் வைக்கிற இடம் பார்க்கேன். கொஞ்சம் கொஞ்சமா விடுங்க.”

ஞானதுரை பதறிப்போய் முன்னால் வந்தார். கல்லூரிக் காலத்தில் கபடி ஆடியவர். தோள் இன்னும் அப்படியே இருந்தது.

“நான் பிடிக்கேன் ஆசான். இவனுக்குத் தெம்பு பத்தாது.”

“இவரே பிடிக்கட்டும்.”

விளிம்பில் அவள் தலை மறைந்தது.

பூதலிங்கம் மரத்தைப் பார்த்தார். வேர் ஆழமாக இறங்கியிருந்தது. கயிற்றை அவரே சோதித்தாயிற்று. நண்பர்கள் எட்டத்தில் நின்றார்கள். சந்தேகப்பட வேறு யாரும் மிச்சமில்லை.

அப்போதுதான் தன் கைகளைப் பார்த்தார்.

உள்ளங்கை வியர்த்திருந்தது. எத்தனை ஆயிரம் பேரை நிறுத்திக் கேள்வி கேட்டவர்! இந்தக் கைகளை ஒருநாளும் கேட்டதில்லை.

கீழே கல் ஒன்று பெயர்ந்து உருண்டது. கயிறு விண்ணென்று இழுபட்டது. உள்ளங்கைத் தோலைச் சீவிக்கொண்டு ஒரு முழம் கையைவிட்டு ஓடியது.

“மைதீனே! துரை! ஓடி வாங்கலே! என் கையில நிக்காது, பிடிங்கலே!”

இருவரும் பாய்ந்து வந்தார்கள். ஒருவர் கயிற்றைப் பிடித்தார். ஒருவர் பூதலிங்கத்தின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். கயிறு நின்றது.

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாண் சாணாக விட்டார்கள்.

“இறங்கியாச்சு!” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு, அவள் கீழேயிருந்து காட்டிய இடங்களில் காலை வைத்து, மூவரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

இசக்கி ஓடையோரம் உட்கார்ந்து, சிராய்த்த முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பூதலிங்கம் விறுவிறுவென்று அவள் முன்னால் போய் நின்றார். உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினார். கோபத்தில் குரல் உடைந்தது.

“பாருங்க. இன்னும் கொஞ்சத்துல விட்டிருப்பேன். துரை கையில கொடுத்திருக்கணும் நீங்க. அவன் உயிரே போனாலும் விடமாட்டான்.”

“ஆமா. விடமாட்டாரு.”

“தெரிஞ்சுமா என்கிட்ட கொடுத்தீங்க?”

இசக்கி இன்னொரு கை தண்ணீரை அள்ளிக் காயத்தில் விட்டாள்.

“அவரு தனியாவே பிடிச்சிருப்பாரு, அண்ணாச்சி. யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டாரு.”