உட்கார்ந்து பார்த்த ஸ்பிரிங்

செம்பொறைக் கோட்டையில் ராஜ்யம் போய்விட்டது, ராஜா மட்டும் மிச்சம். வன்னிமுத்துத் துரை என்று பெயர். நாடு இல்லாவிட்டால் என்ன, தர்பார் இல்லாமல் முடியுமா? அரண்மனை மோட்டார் கொட்டகையில் நாற்காலி போட்டு அது தினமும் கூடும். மந்திரி ஸ்தானத்தில் திவான் பூவலிங்கம். படை, பரிவாரம், குடிமக்கள் எல்லாமே மெக்கானிக் சூசை ஒருவர்தான்.

ராஜாவின் உயிர் ஒரு மோட்டார் சைக்கிளில் இருந்தது. அவருடைய அப்பா இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைத்தது. தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட அன்று எப்படி இருந்ததோ, அப்படியே அதை மறுபடி ஆக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஒரு திருகாணி பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. எல்லாம் சரிதானா என்று பார்த்துச் சொல்லச் சென்னையிலிருந்து தயாளன் என்ற நிபுணரை வரவழைத்தார். பழைய பிரிட்டிஷ் வண்டிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர். ஆனால் கையில் ஒரு பொட்டுக் கிரீஸ் பட்டதில்லை.

வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்சக்கரத்தின் இருபுறமும் நின்ற ஷாக் அப்சார்பர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மகாராஜா, இந்த மாடலுக்கு மூணு விதமா ஸ்பிரிங் போட்டாங்க. தனியா ஓட்டறவங்களுக்கு ஒண்ணு, பின்னால ஆள் ஏத்தறவங்களுக்கு ஒண்ணு, சைடுகார் மாட்டினா ஒண்ணு. வெளி உறை மூணுக்கும் ஒரே மாதிரிதான். உள்ளே ஸ்பிரிங் மேல இருக்கற பெயிண்ட் புள்ளிதான் வித்தியாசம். உங்க அப்பா வாங்கினது தனி ஆள் வண்டி. மஞ்சள் புள்ளி இருக்கணும்."

"களட்டிப் பாத்திருவோம் மகாராஜா" என்று சூசை ஸ்பானரை எடுத்தார்.

"பெயிண்டை யார் வேணும்னாலும் பூசலாம்ப்பா" என்று தயாளன் தடுத்தார். "நான் உட்கார்ந்தாலே போதும், எந்த ஸ்பிரிங்னு சொல்லிடுவேன்."

ராஜாவின் வண்டியில் ராஜாவைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஆனாலும் நிபுணர் ஆயிற்றே! ராஜா தலையசைத்தார். தயாளன் ஏறி உட்கார்ந்து எம்பி எம்பிக் குதித்தார். முகத்தைச் சுளித்தார்.

"கல்லு! சுத்தமா சைடுகார் ஸ்பிரிங். அசலைக் கழட்டி வித்துட்டு யாரோ இதை மாட்டியிருக்காங்க. நல்லவேளை, மகாராஜாவுக்குன்னே ஓர் அசல் ஜோடி கொண்டு வந்திருக்கேன். ஆமா, கொட்டகைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

எல்லோரும் சூசையைப் பார்த்தார்கள். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"வித்துத் திங்கிற சாதி நான் இல்ல மகாராஜா" என்றார்.

ராஜாவின் மீசை துடித்தது. "சாவிய வச்சிட்டுப் போயிரு சூசை. இனி இந்தக் கோட்டைப் பக்கம் ஒன் தலையே தெரியக்கூடாது."

கள்ளன் என்ற பெயரோடு அந்த ஊரில் ஒரு மெக்கானிக் எப்படிப் பிழைப்பது? எந்த வாசலில் போய் வேலை கேட்பது? திவானுக்கு அது தெரியும். ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் எழுந்து நின்றார்.

"மகாராஜா, போறவரு கைவேலைய முடிச்சிட்டுப் போகட்டுமே. ஐயா அவரு கொண்டாந்த ஜோடிய இங்கயே வச்சிட்டுப் போகட்டும். மத்தியானம் நம்ம விருந்துல கைநனைச்சிட்டு, கொஞ்சம் கண்ணசந்திட்டு வரட்டும். சாயங்காலம் வண்டி தயாரா நிக்கும்."

தயாளன் விரால் மீன் குழம்பையும் கோழி வறுவலையும் ஒரு கை பார்த்தார். தூங்கி எழுந்து, ஏப்பம் விட்டுக்கொண்டே கொட்டகைக்கு வந்தார்.

"சூசை களட்டினாரு, தொடைச்சாரு, மாட்டினாரு" என்றார் திவான். "ஐயா உக்காந்து பாத்துச் சொல்லணும்."

தயாளன் உட்கார்ந்தார். எம்பினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆஹா! மெத்தை! இதுதான் மகாராஜா அசல்! உங்க அப்பா ஓட்டினப்போ இந்தச் சுகத்தைத்தான் அனுபவிச்சிருப்பார்."

"நிச்சயமாவா ஐயா?"

"என் பேர் மேல சத்தியம் திவானே. தயாளன் உட்கார்ந்து சொன்னா அது தப்பினதில்லை."

திவான் மூலையிலிருந்து, தயாளன் கொண்டு வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார். அவர் தன் கையால் போட்ட சணல் முடிச்சு அப்படியே இருந்தது.

"அப்பம் இத நீங்களே எடுத்திட்டுப் போயிரலாம். நாங்க தொறக்கவே இல்ல. காலையில நின்ன அதே ஜோடிதான் இப்பவும் நிக்குது."

யாரும் சொல்லாமலே சூசை குனிந்து, ஒரு பக்கத்து உறையைக் கழற்றினார். கட்டியாய் உறைந்த பழைய கிரீஸை விரலால் வழித்தார். அடியில் வெளிறிப்போன மஞ்சள் புள்ளி. இத்தனை வருஷத்து அழுக்கை நேற்று வந்து யார் பூச முடியும்?

தயாளன் சளைத்துவிடவில்லை. தொண்டையைச் செருமினார்.

"மகாராஜா, இதுக்கு விஞ்ஞானமே இருக்கு. காலையில நான் வெறும் வயிறு. மத்தியானம் அரண்மனை விருந்து. என் எடை ஏறிடுச்சு, அதான் ஸ்பிரிங் இறங்கிக் கொடுத்துச்சு."

ராஜா குழம்பிப் போனார். "அப்படியும் இருக்குமோ பூவலிங்கம்?"

திவான் பணிவாகக் கைகட்டினார். "ஐயா சொல்றது நூத்துக்கு நூறு நெசம் மகாராஜா. குத்தம் சூசை மேல இல்ல. நம்ம சமையக்காரர் மேலதான். காலையிலயே நாலு இட்லி வச்சிருந்தா, வண்டி அப்பமே அசலாயிருக்கும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியைத் தன் கையாலேயே சூசையிடம் கொடுத்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் சூசை. ஏறி உக்காரு. மொத ஓட்டம் நீதான் ஓட்டணும்."

பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"யாரங்கே! நிபுணருக்கு வழிக்குப் புளியோதரை கட்டிக் குடு. நெறையவே கட்டு. சென்னை போய்ச் சேருற வரைக்கும் அவர் பாக்கிற வண்டியெல்லாம் அசலாவே இருக்கட்டும்!"