கம்ப்யூட்டருக்குப் பெண் எடுத்தவர்கள்

ஊஞ்சமரத்தூரில் ஒரு வரன் நிலையம் உண்டு. அதில் நான்கு பேர் வேலை பார்த்தார்கள். நால்வரும் ரொம்ப நல்லவர்கள். யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

அவர்களில் மருதாசலம் என்பவர், வரன்களின் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வருகிறவர்களுக்குக் காட்டுகிறவர். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணம் கூட்டி வைத்த மனிதருக்கு முப்பத்தாறு வயதாகியும் ஓர் இடமும் அமையவில்லை. இப்போதுதான் ஒன்று கூடி வந்திருந்தது. பெண்ணின் தகப்பனார், காங்கயம் பக்கத்து நாச்சிமுத்து, "வெள்ளிக்கிழமை வந்து மாப்பிள்ளை படத்தைப் பாக்கறனுங்க. புடிச்சிருந்தா அங்கியே பேசி முடிச்சுக்கலாம்" என்று போனில் சொல்லியிருந்தார்.

அந்தப் படத்தில்தான் சிக்கல். முதலாளி சென்னியப்பன், எங்கோ மூடிய கம்பெனியிலிருந்து அகலத் திரை மானிட்டர்களைக் கொண்டுவந்து, நிலையத்தின் பழைய கம்ப்யூட்டர்களில் மாட்டியிருந்தார். பழைய கம்ப்யூட்டருக்குச் சதுரமாகப் படம் போடத்தான் தெரியும். புதிய திரை அதை இரண்டு பக்கமும் இழுத்துத் தன் அகலத்துக்கு நிரப்பிக்கொண்டது. அன்று முதல் வரன்கள் எல்லோரும் உப்பிப் போனார்கள். மருதாசலம் நிஜத்தில் ஒட்டடைக்குச்சி. திரையிலோ பலாப்பழத்துக்கு மீசை வைத்ததுபோல இருந்தார்.

"எல்லாரும் இப்படிப் பெருத்துப் போனாங்களே, என்ன காரணம்?" என்று முதலாளி சபையைக் கூட்டினார்.

"நாள் பூரா கம்ப்யூட்டருக்குள்ளயே உக்காந்திருக்காங்க. நடமாட்டமே இல்லீங்களே" என்றார் டைப் அடிக்கும் பூவாத்தாள்.

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. படத்தில் இருப்பவர்கள் சற்று நிற்கட்டும் என்று மானிட்டரைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தார்கள். படங்கள் படுத்துக்கொண்டன. வரன் பார்க்க வந்த ஒரு பெரியவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கழுத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பிறகு மருதாசலத்தை இரண்டு பீரோக்களுக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் தள்ளி, மறுபடி படம் எடுத்தார்கள். அகலம் குறையவில்லை. முகத்தில் கொஞ்சம் பயம் மட்டும் சேர்ந்திருந்தது.

கடைசியில் கம்ப்யூட்டர் கடை இஸ்மாயிலைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"சின்னதா ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டாச் சரியாயிரும். விலை கம்மியானதே போதும். ஆனா உங்க கம்ப்யூட்டர் பழசு, டப்பாவும் ஒல்லி. எல்லாக் கார்டும் ஒத்து வராது. நல்லா விசாரிச்சு எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றோடு ஒன்று ஒத்து வாழ வேண்டியவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் அந்த நிலையத்துக்கு ஒரே வழிதான் தெரியும். மறுநாள் காலை நால்வரும் குளித்து, திருநீறு பூசி, தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். கம்ப்யூட்டரை மருதாசலம் துண்டில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டார். மாப்பிள்ளை இல்லாமல் பெண் பார்க்கப் போகலாமா?

இஸ்மாயில் மூன்று கார்டுகளை மேஜைமேல் வைத்தார். முதல் கார்டில் இரண்டு காற்றாடிகள் இருந்தன.

"இது கேம் ஆடறவங்களுக்கு. கரண்ட் ஜாஸ்தி இழுக்கும்" என்றார்.

"ஆட்டமும் ஆடும், தீனியும் ஜாஸ்தியா? நம்ம குடும்பத்துக்கு ஆகாதுங்க" என்றார் முதலாளி.

இரண்டாவது கார்டு, டப்பாவை விட உயரமாக இருந்தது. பெண் மாப்பிள்ளையை விட உயரம் என்று தள்ளிவிட்டார்கள். மூன்றாவது பாதி உயரம். காற்றாடியே கிடையாது.

"இது சத்தமே போடாது. விலையும் இதுதான் கம்மி" என்றார் இஸ்மாயில்.

"அடக்கமான பொண்ணு" என்று முதலாளி உருகினார்.

"பொண்ணையே நோண்டிக்கிட்டிருந்தா எப்படிங்க?" என்றார் பூவாத்தாள். "நம்ம மாப்பிள்ளைக்கு மட்டும் என்ன வாழுதாம்? பன்னெண்டு வயசு மூத்தது. தட்டி எழுப்பினாக் கால் மணி நேரம் இருமிட்டுத்தான் கண்ணே முழிக்குது. அத அவங்ககிட்ட மறைக்காமச் சொல்லோணுமில்ல?"

சொன்னார்கள். "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க" என்றார் இஸ்மாயில்.

ஜாதகம் பார்க்கும் அவிநாசியப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த தயாரிப்புத் தேதியையும் கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த தேதியையும் வைத்துக் கணித்தார்.

"பொண்ணு சீனாவுல பொறந்திருக்குது. நேரம் போடலியே?"

"ஃபேக்டரியில ராத்திரி பகல் பாக்க மாட்டாங்க பெரியவரே."

"சரி, சித்திரை நட்சத்திரம்னு வெச்சுக்கறேன். தெசாபுத்தி நல்லாருக்கு. ரஜ்ஜு மட்டும் கொஞ்சம் இடிக்குது. மாப்பிள்ளைக்கு மூணு வருஷம் முன்ன ஹார்டு டிஸ்க் போய்த் திரும்பி வந்துச்சில்ல? அந்தக் கண்டம் கழிஞ்சதால பாதகமில்லை."

விலை சொன்னபோதுதான் முதலாளி முகம் சுருங்கியது. பெண்ணையும் எடுத்துக்கொண்டு பணமும் கொடுப்பதா என்று அவருக்குக் குழப்பம். இஸ்மாயில் அதற்குள் ஆட்களைப் புரிந்துகொண்டிருந்தார்.

"பரிசம்னு நெனச்சுக்குங்கண்ணா."

முதலாளி முகம் மலர்ந்து, பணத்தை வெற்றிலை மேல் வைத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை நல்ல நேரத்தில் இஸ்மாயில் வந்து கார்டை மாட்டினார். பூவாத்தாள் ஆரத்தி எடுத்தார். திரை விழித்தது. மருதாசலம் தன் படத்தைப் பார்த்தார். கன்னத்தில் குழி இருந்தது. கழுத்து இருந்தது. தன் கழுத்தைத் திரையில் பார்த்து வெகு காலமாகிவிட்டதால் அவருக்குக் கண் கலங்கியது.

"வெள்ளிக்கிழமை அவுங்க பாத்தாப் போதும். முடிஞ்ச மாதிரிதான்" என்று முதலாளி தோளைத் தட்டினார்.

வியாழக்கிழமை மதியம் அவிநாசியப்பர் காலண்டரைக் கிழிக்கப் போனவர், கையைக் காலண்டரிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார்.

"சனிக்கிழமை ஆடி பொறக்குது."

புதிதாகக் கல்யாணமான பெண் ஆடி மாதத்தில் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது. தாய் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

"நாளைக்குச் சாயங்காலம் அனுப்பலாமே? அதுக்குள்ள அவுங்க பாத்துட்டுப் போயிருவாங்க" என்றார் பூவாத்தாள்.

"வெள்ளிக்கிழமை வீட்டுப் பொண்ண வெளிய அனுப்பற வழக்கம் எங்கியாச்சும் உண்டா?" என்றார் அவிநாசியப்பர்.

எல்லோரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் திரையில் தன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு எடுக்கப் போற நானே முறை தப்பினா, அவுங்க என்ன நம்பிப் பொண்ணு குடுப்பாங்க?" என்றார். தாமே திருகாணியைக் கழற்றி, கார்டை எடுத்து, பூ சுற்றி, தட்டில் வைத்துக் கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். இஸ்மாயில் ஏன் என்று கேட்கவில்லை. "ஆவணியில வந்து கூட்டிக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நாச்சிமுத்து வந்தார். நல்ல ஆகிருதி. திரையில் மருதாசலம் பழையபடி ஓரம் முதல் ஓரம் வரை நிறைந்திருந்தார். நாச்சிமுத்து வெகு நேரம் பார்த்தார். மருதாசலம் பக்கத்தில் நின்றார்.

"மாப்பிள்ளை தாட்டியா இருக்காரு. எம்பொண்ணுக்கு இப்படித்தான் வேணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்" என்ற நாச்சிமுத்து, மருதாசலத்தின் பக்கம் திரும்பினார். "சாடை அப்படியே இருக்குதே. நீங்க தம்பிங்களா?"

மருதாசலம் முதலாளியைப் பார்த்தார். முதலாளி அவிநாசியப்பரைப் பார்த்தார். பெண்ணின் தகப்பனார் சொல்வதை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை.

"ஆமாங்க" என்றார் மருதாசலம்.

"அண்ணன் பேசவே மாட்டேங்கறாரு?"

"அவர் எப்பவுமே அப்படித்தானுங்க. கூச்ச சுபாவம்."

"கவலைப்படாதீங்க தம்பி. எனக்குச் சின்னப் பொண்ணு ஒருத்தி இருக்கா. மூத்தவங்க கல்யாணம் முடியட்டும், அடுத்தது நீங்கதான்" என்று சொல்லி, மானிட்டருக்கு ஒரு கும்பிடு போட்டு, ஆவணியில் தேதி குறித்துக்கொண்டு அவர் போனார்.

ஒரே நாளில் இரண்டு சம்பந்தம்! நிலையத்தில் பாயசம் வைத்தார்கள். எங்கே அண்ணன் காணாமல் போய்விடுவாரோ என்று, கம்ப்யூட்டரை யாரும் அணைக்கக் கூடாது என மருதாசலம் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார். மறுநாளே தையல்காரரைக் கூட்டிவந்து மானிட்டர் முன் நிறுத்தினார். தையல்காரர் நாடாவைக் கண்ணாடிமேல் பிடித்துத் தோள், மார்பு, கழுத்து எல்லாம் அளந்தார்.

"சட்டைக்கு ஆச்சுங்க. பேண்டுக்கு?"

மருதாசலம் குனிந்து மானிட்டருக்கு அடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணன் மார்பு வரைக்கும்தானுங்க. சட்டை மட்டும் தைங்க."