பட்டம் வாங்கிய குளவிகள்

முன்னொரு காலத்தில் மருதவாயில் என்ற நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், காலையில் போட்ட உத்தரவைச் சாயங்காலம் மறந்துவிடுவான், அவ்வளவுதான். நானும் அப்படித்தான். எனக்கு நாடு இல்லாததால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு மழைக்காலத்தில் சிம்மாசனத்துக்கு மேலே, உத்தரத்தில், குளவிகள் கூடு கட்டின. தோட்டத்துப் புழுக்களைத் தூக்கிவருவதும் கூட்டிலிருந்த குஞ்சுகளுக்கு ஊட்டுவதுமாக ஓயாமல் பறந்தன. கீழே ராஜாவின் வெள்ளித் தட்டில் வெல்லப் பாகில் ஊறிய பணியாரம் இருந்தது. ஒரு குளவிகூட எட்டிப் பார்க்கவில்லை.

"நம்மிடம் என்ன மரியாதை!" என்று பூரித்துப்போனான் ராஜா.

"'அரண்மனைக் காவலர்' என்று பட்டமே கொடுக்கலாம் பிரபு" என்று ஒத்து ஊதினார் மந்திரி அருளாளர். ராஜாவும் கொடுத்துவிட்டான். கூட்டுக்குப் பட்டுக்குடைகூடப் பிடித்தார்கள்.

மாசி பிறந்தது. ஒருநாள் ராஜா பணியாரத்தை வாய்க்குக் கொண்டுபோக, காவலர் ஒருவர் அவன் மூக்கிலேயே கொட்டிவிட்டார். மூக்கு கத்தரிக்காயாக வீங்கியது.

"ராஜதுரோகம்!" என்று குதித்தார் பூவராகர். மந்திரி பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த சபைப் பெரியவர் அவர். "பட்டம் வாங்கிக் கொடுத்தவரே கூட்டில் கை வைக்கட்டும். கொட்டினால் நாட்டை விட்டே போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா, மூக்கைப் பிடித்துக்கொண்டே.

அருளாளர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "பிரபு, பல்லியைக் கண்டாலே மனைவியின் பின்னால் ஒளிகிறவன் நான்" என்றபடி அண்ணாந்து பார்த்தார். கூட்டின் அறைகளெல்லாம் காலி. ஒரு குஞ்சு இல்லை. அவர் முகம் தெளிந்தது. "நான் ஏணியில் ஏறி இறங்கும்வரை தங்கள் பணியாரத் தட்டைப் பூவராகர் ஏந்தி நிற்கட்டும்" என்றார்.

ராஜாவின் தட்டை ஏந்துவது அந்தச் சபையில் பெரிய கௌரவம். கீழே போட்டால் பதவி போகும், அதுவும் அங்கே வழக்கம். பூவராகர் மார்பை நிமிர்த்திக்கொண்டு தட்டை வாங்கினார்.

அவ்வளவுதான், குளவிகளெல்லாம் தட்டைத் தேடி இறங்கின. "ஐயையோ! அம்மாடி!" என்று பூவராகர் மண்டபம் முழுக்க ஆடினார்; தட்டை மட்டும் விடவில்லை. மேலே அருளாளர் கையைக் கூட்டின்மேல் வைத்தார். கொட்டுவதற்கு அங்கே ஒரு குளவிகூட இல்லை.

"இது துரோகமும் இல்லை, பக்தியும் இல்லை பிரபு" என்றார் இறங்கிவந்து. "குஞ்சுகள் இருந்தவரை வீட்டு வேலை இருந்தது. இப்போது குஞ்சுகள் வளர்ந்து பறந்துவிட்டன, வேலை இல்லை. நாக்கு இனிப்பைத் தேடுகிறது, கொடுக்கு அகப்பட்டவரைக் கொட்டுகிறது. போன வருஷம் யுத்தம் ஓய்ந்து வேலை இல்லாமல் போனபின் சபையார் நாங்களும் இப்படித்தானே? பணியார வாசனைக்குச் சபைக்கு வந்து ஒருவரை ஒருவர் கொட்டுகிறோம். குளவிக்குப் பட்டம் கேட்ட இந்த அசடுதான் அதில் முதல் ஆள்."

"இரண்டாவது, அதைக் கொடுத்தவன்!" என்று சிரித்த ராஜா, மூக்கு வலித்ததால் நிறுத்திக்கொண்டான். "ஏரிக்கரை உடைந்து கிடக்கிறது. நாளை முதல் சபை அங்கேதான், மண்வெட்டியோடு. பூவராகரே, ஆட்சேபம் உண்டா?"

வீங்கிய உதட்டைத் திறக்க முடியாமல் பூவராகர் இல்லையென்று தலையசைத்தார்.

"மந்திரி, உமக்குப் பரிசு இந்தப் பணியாரத் தட்டு!"

"பிரபு," என்று இரண்டடி பின்வாங்கினார் அருளாளர், "எனக்கு ஊறுகாய் போதும்."

பங்குனியில் குளவிகள் கூட்டை விட்டுப் போய்விட்டன. சபை கரையில் வியர்த்தது. எனக்கும் ஒரு மண்வெட்டி கிடைத்திருந்தால், நீங்கள் இந்தக் கதையிலிருந்து தப்பியிருப்பீர்கள்.