மிர்ட்டோ கிணறு

கிரேக்கக் கடற்கரையில் கப்பலோடு வந்திறங்கிப் புது ஊர் கட்டிய கிளியாந்தர் அரசனுக்கு ஒரே தவிப்பு. ஊர் தன் பேரில் விளங்க வேண்டும். சனங்களோ, கிணறு தோண்டித் தாகம் தீர்த்த மிர்ட்டோவை நினைத்து, ஊரையே ‘மிர்ட்டோ கிணறு’ என்றார்கள்.

அவளை இழுத்துவரச் சொன்னான்.

“பொழுது சாய்வதற்குள் ஊரே என் பேரைச் சொல்லணும். இல்லையானால் உன்னை அந்தக் கிணற்றிலேயே தள்ளிவிடுவேன்!”

மிர்ட்டோ மண்வெட்டியோடு போய்ச் சந்தை நடுவில் தோண்டத் தொடங்கினாள். கூட்டம் கூடிவிட்டது. இருப்புக்கொள்ளாமல் அரசனும் ஓடிவந்தான்.

“என்னடி குழி இது?”

“உங்களுக்குத்தான் அரசே. ஊருக்குப் பேர் தந்தவரைச் சந்தை நடுவில் அடக்கம் செய்வதுதானே நம் முன்னோர் வழக்கம்? அடக்கம் முடிந்ததும் உங்கள் பேரைச் சொல்ல எல்லாருக்கும் சம்மதம். நீங்கள் படுக்க வேண்டியதுதான் பாக்கி.”

அரசன் கூட்டத்தைப் பார்த்தான். ஒரு முகத்திலும் மறுப்பு இல்லை.

“பேருக்கு இப்போ என்ன அவசரம்?” என்று நழுவினான்.

ஊர் கடைசிவரை மிர்ட்டோ கிணறுதான்.