இடப்பக்கச் சுவர்

"யாரை நம்புறதுன்னே தெரியலம்மா" என்றார் பொன்னுரங்கம்.

வந்தவர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

குன்றடியில் பக்தர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவர் எப்படியும் உட்காரத்தான் போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். பொன்னுரங்கத்துக்கு அறுபத்தாறு. மூன்று வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அவளைத் தன் குரு என்று அவராகவே முடிவு செய்திருந்தார். அவளைக் கேட்டுக்கொண்டு செய்த முடிவு அல்ல அது.

அவளும் பெரிதாக எதையும் சொல்லிவிடுகிறவள் இல்லை. ஒருமுறை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஒற்றைச் செருப்பைக் காணோம் என்று அரை மணி நேரம் கத்தினார். "காலைப் பாருங்க" என்றாள். செருப்பு காலில்தான் இருந்தது. அன்றிலிருந்து இவளிடம் ஏதோ இருக்கிறது என்று நாலு பேர் பேச ஆரம்பித்தார்கள். அந்த நாலு பேரில் பொன்னுரங்கம் முதல் ஆள்.

"ஆறு வாரமா ஆளைக் காணோம்" என்றாள்.

"வீட்டுக்காரி வுழுந்துட்டாம்மா. இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு. நான் போட்டுக் குடுத்த கைப்பிடியை நம்பித்தான் போனா."

அவள் ஒரு குடும்பத்தின் செருப்புகளை வாங்கி வரிசையில் வைத்தாள்.

"நான் போட்டதுன்னா, நானா போடல. நாலு பேரைக் கேட்டுத்தான் போட்டேன்."

ஆறு வாரமாக அவர் இந்த ஒரு வார்த்தையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். அவர் மனைவி கிருஷ்ணவேணிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் செயலற்றுப் போயின. கால் கொஞ்சம் தேறியது. கை தேறவில்லை. அவர்கள் வீட்டுக் குளியலறை ஒரு சந்து மாதிரி நீளமானது. கழிப்பறைப் பீங்கான் அந்தக் கோடியில். பிடித்துக்கொண்டு நடக்கச் சுவரில் ஒரு கம்பி வேண்டும்.

கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தால் அரை நாள் வேலை. வந்தவன் அவளை ஒரு நடை நடக்கச் சொல்லிப் பார்த்திருப்பான்.

பொன்னுரங்கம் கூப்பிடவில்லை. ஓய்வு பெற்றதும் ஆசையாக வாங்கிய டிரில்லிங் மெஷின் அட்டைப்பெட்டியில் சும்மா கிடந்தது. பேஸ்புக்கில் 'நம்ம வீட்டு வேலை நாமே' என்று ஒரு குழு இருந்தது. பதினோராயிரம் பேர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்டால் போதும், சாப்பிடுகிற கையைக்கூடக் கழுவாமல் பதில் போடுவார்கள். வீட்டில் யாரும் அவரை அவ்வளவு மதித்ததில்லை என்று அவருக்கு ஒரு எண்ணம்.

"என்ன கேட்டீங்க அவங்களை?" என்றாள் அம்மா.

"எதைக் கேக்கல? டைல்ஸ் உடையாம எப்படி ஓட்டை போடறதுன்னு கேட்டேன். மேல டேப்பு ஒட்டி, தண்ணி வுட்டுக்கிட்டே மெதுவாப் போடச் சொன்னார் குவைத்துல இருக்கற ஒருத்தர். ஒரு டைல்ஸ் உடையல."

"ம்."

"எந்தச் சுவர்னு கேட்டேன். தண்ணி பைப்பு எந்தச் சுவருக்குள்ள போவுதுன்னு பாருங்க, அதைத் தொடாதீங்கன்னாங்க. பார்த்தா வலப்பக்கம் போவுது. இடப்பக்கம் போட்டேன். உள்ள போவும்போது அவளுக்கு இடது கைதானே நல்லா இருக்கு. தோதாப் போச்சு."

"ம்."

"உயரத்துலதாம்மா இடிக்குது. எம்பது சென்டின்னான் ஒருத்தன். தொண்ணூறுன்னான் இன்னொருத்தன். ரெண்டு பேருக்கும் அங்கயே சண்டை. நான் எம்பத்தஞ்சுல மாட்டினேன். அதுல எவனோ ஒருத்தன் சொன்னது தப்பு. அது எவன்னு எனக்குத் தெரியணும்."

போனை எடுத்து நீட்டினார். படத்தில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் கம்பி. அதில் பொன்னுரங்கம் இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டிருந்தார்.

"எம்பத்திரெண்டு கிலோ நான். இம்மி அசையல. நானூத்திப் பன்னெண்டு லைக்கு."

அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கம்பி பேந்துக்கிச்சா?"

"எங்க பேந்துக்கும்? இன்னைக்கும் அப்படியே நிக்குது."

"அப்புறம் எப்படி வுழுந்தாங்க?"

"அதாம்மா புரியல. போன மனுஷி, வெளிய வரும்போது பின்பக்கமா நடந்து வந்திருக்கா. குதிகால் வாசப்படியில தட்டி மல்லாக்க வுழுந்துட்டா. யாராவது பின்பக்கமா நடப்பாங்களா? குரூப்புல கேட்டேன். பக்கவாதம் வந்தவங்களுக்குப் புத்தி அப்படித்தான் குழம்பும்னாங்க. நெறையப் பேர் அதையேதான் சொன்னாங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"யாரு, குவைத்துக்காரரா?"

அவள் கலைந்து கிடந்த ஒரு ஜோடிச் செருப்பைச் சேர்த்து வைத்தாள்.

"ஓ, வேணியா?" என்றார். "அவ எங்க பேசறா? ஆஸ்பத்திரியில கேட்டேன், எதுக்குடி பின்னால நடந்தேன்னு. முகத்தைத் திருப்பிக்கிட்டவதான். நாப்பத்துமூணு நாளாச்சு. அவ தங்கச்சி வீட்டுல படுத்திருக்கா. அந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன்னு தங்கச்சிகிட்ட சொல்றா. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல."

முப்பத்தெட்டு வருடம் கூட இருந்தவள். குழம்பில் உப்பு போதுமா என்றாவது கேட்டுக்கொண்டிருந்தவள். காலையில் எழுந்து காலி வீட்டில் அவராகவே காபி கலக்கிக் குடிக்கும்போது அழுகைதான் வந்தது. அந்த அழுகையை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்றுதான் அவர் இத்தனை நாளாக அந்தப் பதினோராயிரம் பேரையும் ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருந்தார்.

"கம்பியைப் பேத்து சரியான உயரத்துல மாட்டணும்மா. மாட்டிட்டு அவளைக் கூட்டியாரணும். அவ வரணும், அவ்வளவுதான். எம்பதா, தொண்ணூறா? நீங்க சொன்னா சரியா இருக்கும். இவனுங்களைக் கேட்டு என் குடும்பம் போனது போதும்."

அவள் எழுந்தாள்.

"துண்டைக் குடுங்க."

கொடுத்தார். அவருடைய வலது கையை மடக்கி மார்போடு வைத்து, துண்டால் சுற்றி, முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்டாள்.

"மேல போயிட்டு வாங்க. கட்டை அவுக்கக் கூடாது."

பொன்னுரங்கத்துக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். மூன்று வருடத்தில் குரு இட்ட முதல் வேலை. இடுப்பெலும்பு உடைந்து ஒருத்தி படுத்துக் கிடக்கும்போதும் இப்படி மகிழ முடிகிறது மனிதனால்.

குன்றுக்கு ஐம்பத்தேழு படி. பாறையிலேயே வெட்டியவை, ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஏறும்போது இடப்பக்கம் இரும்புக் கம்பி ஓடும். வலப்பக்கம் பிடிக்க ஒன்றும் கிடையாது. பாறைச் சரிவும் கள்ளியும்தான்.

இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முழங்கால் கொஞ்சம் முனகியது. மற்றபடி சிரமமில்லை. ஒற்றைக் கையால் சாமி கும்பிட்டார். குங்குமம் வைத்துக்கொண்டார். இதில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இறங்கத் திரும்பினார்.

கம்பி வலப்பக்கம் இருந்தது.

கட்டிய கை மார்பில் இருந்தது. நல்ல கை காற்றில் இருந்தது.

முதல் படியில் காலை வைத்தார். கீழே பார்த்தார். ஏறும்போது இல்லாத செங்குத்து இப்போது இருந்தது. காலை எடுத்துவிட்டார்.

ஏறி வந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் நின்றாள். "உக்காந்து உக்காந்து இறங்குங்க ஐயா. எங்க மாமனார் அப்படித்தான் இறங்குவாரு."

உட்கார்ந்து பார்த்தார். இப்படியே இன்னும் கீழே போனால் எழவே முடியாது என்று தோன்றியதும் படாத பாடு பட்டு எழுந்தார்.

"கட்டை அவுத்துடு பெருசு" என்றார் இன்னொருவர். "கையில என்ன, சுளுக்கா? வெந்நீர் ஒத்தடம் குடு."

"நம்ம தோளைப் புடிச்சுக்குங்க, நான் சாமி பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் போனவர் வரவேயில்லை.

கடைசியாக ஒரு இளைஞன். கூர்மையான பையன். ஒரு தடவை கையைப் பார்த்தான், ஒரு தடவை கம்பியைப் பார்த்தான்.

"திரும்பி நில்லுங்க அங்கிள். கோயிலைப் பாத்த மாதிரி நின்னுக்கிட்டு, ஏணியில இறங்கற மாதிரி பின்பக்கமா இறங்குங்க. நல்ல கைக்குக் கம்பி வந்துடும்."

திரும்பினார். இடது கைக்குக் கம்பி வந்தது. பையன் சொன்னது முற்றிலும் சரி.

சொல்லிவிட்டு அவன் கோயிலுக்குள் போய்விட்டான்.

பொன்னுரங்கம் ஒரு படி இறங்கினார். இன்னொன்று. குதிகால் பின்னால் படியைத் தேடியது. அங்கே படி இருக்கிறதா, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது முதுகுக்குத் தெரிவதில்லை.

ஆறாவது படியில் நின்றுவிட்டார்.

குளியலறை வாசல்தான் நினைவுக்கு வந்தது.

கம்பி மாட்டி முடித்த அன்று வேணியைத்தான் முதலில் நடக்கச் சொன்னார். இடது கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கோடிவரை போய்த் திரும்பினாள். அங்கேயே நின்றாள். கம்பியைப் பார்த்தாள். தன் வலது கையைப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள். "வரும்போது..."

அவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"வரும்போது கிரும்போதுன்னு எதாவது ஆரம்பிக்காத. வெளிச்சத்தை மறைக்கற பாரு, கொஞ்சம் ஓரமாப் போ. அங்க அத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

அவள் ஓரமாகப் போனாள். அன்று எடுத்த முதல் படத்தில் அவள் புடவைத் தலைப்பு கொஞ்சம் விழுந்திருந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் போட்டார்.

அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பதினொரு நாள், ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை, சுவரைப் பார்த்தபடி, குதிகாலால் தரையைத் தடவித் தடவி, பின்பக்கமாகவே வெளியே வந்திருக்கிறாள். நல்ல கைக்குக் கம்பி கிடைக்க வேறு வழி இல்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்து லைக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தி குழம்பியதாம்.

பொன்னுரங்கத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. படியிலேயே கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். ஏறுகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஒருவர் தலைசுற்றலுக்கு எலுமிச்சம்பழம் சொன்னார்.

கட்டை அவிழ்க்கவில்லை. மிச்சமிருந்த ஐம்பத்தோரு படியையும் பின்பக்கமாகவே இறங்கினார். வெகு நேரம் ஆயிற்று.

கீழே வந்ததும் அம்மா முடிச்சை அவிழ்த்தாள். கை மரத்துப் போயிருந்தது. துண்டை உதறி மடித்து அவர் தோளில் போட்டாள்.

"அவ சொல்ல வந்தாம்மா" என்றார். "அன்னைக்கே சொல்ல வந்தா. நான் வாயைத் தொறக்க வுடல."

அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல வச்சு, ஏண்டி பின்னால நடந்தேன்னு அவளையே கேட்டேன். அவ முகத்தைத் திருப்பாம என்ன பண்ணுவா?"

ஒருவர் வந்து தன் செருப்பைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். அவர் போகும்வரை பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பவே போறேன். ரெண்டு பஸ்சு மாறணும், சாயங்காலத்துக்குள்ள போயிடலாம். கால்ல வேணும்னாலும் வுழறேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டார். செருப்பை மாட்டினார். நாலடி போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"ஆனா போய் எப்படிம்மா ஆரம்பிக்கறது? எடுத்த எடுப்புல மன்னிப்பு கேக்கறதா, இல்ல கம்பி விஷயத்தைச் சொல்றதா? எதைச் சொன்னா அவ எங்கூட வருவா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா அதையே பிடிச்சுக்கிட்டுப் போயிடுவேன்."

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அதையும் என்னையா கேக்கறீங்க?"