செவலை சந்தேகப்படாத ஒன்று

மலையடிவாரக் குளத்தங்கரையில் செவலை என்றொரு நாய் இருந்தது. சந்தேகம் என்றால் அப்படியொரு சந்தேகம் அதற்கு! இலை அசைந்தாலும் "யாரடா அது?" என்று குரைக்கும். கீரி ஒன்றுதான் அதற்குச் சிநேகிதம். கீரி பிடித்துவரும் மீனில் பாதி தினமும் செவலைக்கு.

ஒருநாள் மலைக்கோயில் படியில் உருண்டு செவலைக்குப் பின்னங்கால் சுளுக்கிக்கொண்டது. அது நொண்டுவதைப் பார்த்து மரத்திலிருந்து குதித்தது மந்தி. மலையேறுகிறவர்களின் பையைப் பிடுங்குவதுதான் மந்தியின் பிழைப்பு. அன்று அதன் கையில் ஒரு மாத்திரை அட்டை.

"கவலைப்படாதே அண்ணே! நேற்று ஒரு அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இதில் ஒன்றை விழுங்கினாள். மீதி இருநூறு படியையும் ஏறிவிட்டாள். என் கண்ணால் பார்த்தேன்!"

செவலை மோந்து பார்த்தது. முகத்தைச் சுளித்தது. விழுங்கிவிட்டது. பொழுது சாய்வதற்குள் வலி போன இடம் தெரியவில்லை!

"நீயல்லவா வைத்தியன்!" என்று மந்தியைக் கொண்டாடியது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அதுவே பழக்கமாகிவிட்டது.

நாலாம் நாள் வயிறு எரிந்தது. ஐந்தாம் நாள் சோறு இறங்கவில்லை, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. ஆறாம் நாள் எடுத்த வாந்தியில் ரத்தம்! செவலைக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது.

"எவனோ எனக்கு விஷம் வைக்கிறான்!"

குளத்துத் தண்ணீரைச் சந்தேகப்பட்டது. தவளையை முறைத்தது. காக்கையை விரட்டியது. அந்த நேரம் பார்த்துக் கீரி மீனோடு வந்தது.

"கிட்டே வராதே! உன் மீனில்தான் என்னவோ இருக்கிறது!"

கீரி மீனைக் கீழே வைத்தது. "என்னையா அப்படி நினைத்தாய்?" என்றது. முழு மீனையும் அங்கேயே தின்று காட்டியது. குளத்தில் இறங்கித் தண்ணீரையும் குடித்துக் காட்டியது.

"இதெல்லாம் நாங்களும் தின்பதுதான், குடிப்பதுதான். நீ மட்டும் தனியாகத் தின்கிறது எது? அதைச் சொல்!"

செவலை யோசித்தது. "மாத்திரை... ஆனால் அது என் வலியைப் போக்கியதே!"

"கால் வலி போச்சு, சரி. வயிற்றை என்ன செய்ததென்று பார்த்தாயா?"

செவலை மரத்தை நிமிர்ந்து பார்த்தது. "மந்தி! நீ ஒன்று விழுங்கு பார்ப்போம்!"

"ஐயையோ, நான் மாட்டேன்! மனுஷிக்கு ஒத்துக்கொண்டது உனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று நான் என்ன கண்டேன்!" மந்தி அட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடியே போனது.

செவலை அப்படியே சுருண்டு விழுந்தது. கீரி அட்டையைக் கவ்விக்கொண்டு ஓடி, மலையடியில் பூ விற்கும் பூக்காரம்மா காலடியில் போட்டது. அவள் கீரியின் பின்னாலேயே வந்து பார்த்து, "அடப்பாவமே!" என்று செவலையைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். ஊசியும் மருந்துமாகப் பத்து நாள் கிடந்து, எலும்பும் தோலுமாகச் செவலை திரும்பி வந்தது.

கீரி பார்க்க வந்தது. நலம் விசாரித்தது. ஆனால் முன்போல ஒட்டி உட்காராமல் பத்தடி தள்ளியே உட்கார்ந்தது. வயிற்றுவலியைவிட அதுதான் செவலைக்கு அதிகம் வலித்தது.

மனிதரின் வலியைத் தீர்க்கும் மருந்து நாயின் வயிற்றைப் புண்ணாக்கிவிடும். சுகம் தந்தது என்பதற்காக ஒன்றை விசாரிக்காமல் நம்புகிறவன், கடைசியில் நல்லவர்களைத்தான் சந்தேகப்படுவான்.